நீட்டிப்பு விஜிஏ கேபிளில் நிழல் எழுத்துகள்

கணினியை மானிட்டருடன் இணைக்கும் விஜிஏ கேபிளை 10 மீட்டர் நெட்வொர்க் கேபிளால் நீட்டித்ததும் திரையில் எழுத்துகளின் வலப்பக்கம் நிழல் விழுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று நிறங்களுக்கும் ஒரே கிரவுண்ட் (சிக்னல் திரும்பும்) கம்பியைக் கொடுத்ததே பெரும்பாலும் காரணம். கனெக்டரின் பின் எண்களில் சிவப்பு 1-6, பச்சை 2-7, நீலம் 3-8 என ஒவ்வொரு நிறமும் தனக்குரிய கிரவுண்டோடு ஒரே முறுக்கிணையில் (ஒன்றோடொன்று முறுக்கிய இரு கம்பிகளில்) செல்ல வேண்டும். 13, 14ஆம் பின்களின் சிங்க் (படத்தை ஒத்திசைக்கும்) சிக்னல்களுக்கு நான்காம் இணை, அவற்றின் கிரவுண்டான 10ஆம் பின்னுக்குக் கேபிளின் உறைக்கவசம்.

மாற்றியபின், கேபிளை மானிட்டரில் மட்டும் செருகி, மறுமுனையில் 1-6, 2-7, 3-8 ஆகியவற்றை மல்டிமீட்டரால் அளந்தால் சுமார் 75 ஓம் காட்ட வேண்டும். இது இணைப்பு அறுபடவில்லை என்பதை மட்டுமே சொல்லும். இணை மாறியிருப்பதைக் கனெக்டரைத் திறந்து கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

நெட்வொர்க் கேபிளின் மின்மறுப்பு (சிக்னலுக்கு அது காட்டும் தடை) 100 ஓம், மானிட்டருடையது 75 ஓம் என்பதால், உயர்ந்த ரெசல்யூஷனில் மெல்லிய நிழல் எஞ்சலாம். அது உறுத்தினால் 75 ஓம் கோஆக்சியல் கம்பியே (நடுக்கம்பியைச் சுற்றிக் கவசம் கொண்டது) வழி. மேலும் மானிட்டரின் விவரத்தைக் கணினிக்குச் சொல்லும் 12, 15ஆம் பின்கள் இந்த நீட்டிப்பில் இல்லாததால் ரெசல்யூஷனை நீங்களே அமைக்க நேரும்.