செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி: முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: அப்பா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. லைசென்ஸ் என் பெயருக்கு மாறி மூன்று வருடம் ஆகிறது. நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் (எறியப்படும் கிளே, அதாவது களிமண் தட்டைச் சுடும் போட்டி) சுட்டதைப் பார்த்ததிலிருந்து எனக்கும் கிளே சுட ஆசை. தெரிந்தவர் ஒருவர் பழைய இத்தாலி செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் அடுத்த தோட்டா தானே ஏறும் துப்பாக்கி) வைத்திருக்கிறார். 'உதை கம்மி, தோள் வலிக்காது' என்கிறார். முன்பணம் கேட்கிறார். வயது 43. வாங்கலாமா ஐயா? (பெயர் வேண்டாம், திருமங்கலம்)

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். துப்பாக்கியைப் பற்றிப் பேசும் முன் உங்கள் லைசென்ஸைத் திறந்து, எந்த வகை ஆயுதம் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் செமி ஆட்டோமேட்டிக்கைச் சாதாரண இரட்டைக்குழலோடு சேர்க்காமல் தனிப் பிரிவில் வைத்திருக்கின்றன. 'இதுவும் 12 போர் (குழலின் உள்அளவு) தானே, அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம்' என்று யார் சொன்னாலும் நம்பவேண்டாம். திருமங்கலம் என்றால் உங்களுக்குக் கலெக்டர் அலுவலகம். மதுரை மாநகருக்குள் இருப்பவர்களுக்குப் போலீஸ் கமிஷனர் அலுவலகம். மனு எழுதிக் கொடுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். விற்பவருக்கும் கடமை இருக்கிறது: விற்கப்போகும் தகவலை எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருந்த பிறகே துப்பாக்கி கைமாற வேண்டும். இந்த வாரமே முடித்துவிடலாம் என்று அவசரப்படுத்துகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

காகிதம் சரியானால் பொருளுக்கு வருவோம். உதை கம்மி என்று அவர் சொல்வது பாதி உண்மை. செமி ஆட்டோமேட்டிக்கில் இரண்டு முறைகள் பரவலாக இருக்கின்றன. கேஸ் முறையில், தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுவில் கொஞ்சம் குழலிலுள்ள சிறு துளை வழியாக வந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்ட்டைப் (தோட்டாவுக்குப் பின்னால் குழலை அடைக்கும் பாகம்) பின்னுக்கு அனுப்ப, காலித் தோட்டா வெளியே விழும், அடுத்தது ஏறும். இந்த வேலையில் உதை கொஞ்சம் நீண்ட நேரத்துக்குப் பரவுவதால் தோளில் குத்து தெரியாது, தள்ளுவது போல இருக்கும். ஒரு நாளில் 100 தோட்டா சுடுகிறவருக்கு இது பெரிய நிம்மதி. இனெர்ஷியா முறையில் அந்தத் துளையும் பிஸ்டனும் கிடையாது. துப்பாக்கி பின்னால் உதைக்கும் வேகத்தையே போல்ட்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங் வாங்கிக்கொண்டு வேலை செய்கிறது. கரி குறைவு, எடை குறைவு, ஆனால் தோளுக்கு உதை கூர்மையாகவே வரும். இத்தாலி என்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. பெரெட்டா கம்பெனியின் போட்டிக்கான செமி ஆட்டோமேட்டிக் ரகங்கள் கேஸ் முறை, பெனெல்லி கம்பெனிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது இனெர்ஷியா முறை, இரண்டுமே இத்தாலிதான். எந்த முறை என்று அவரிடம் கேளுங்கள்.

பலர் ஏமாறுவது அடுத்த விஷயத்தில்தான். சர்வதேச டிராப், ஸ்கீட் (இதுவும் தட்டு சுடும் போட்டிதான்) போட்டிகளில் தோட்டாவில் ரவை, அதாவது சிறு குண்டுகள், 24 கிராமுக்கு மேல் கூடாது. வேட்டைக்கென்று செய்த பல செமி ஆட்டோமேட்டிக்குகள் 28, 32 கிராம் தோட்டாவுக்குப் பழகியவை. 24 கிராம் போட்டால் போல்ட் முழுதாகப் பின்னுக்கு வராது, காலித் தோட்டா வாயிலேயே மாட்டிக்கொள்ளும். நண்பர் ஒருவர் பெருந்தொகை கொடுத்து வாங்கிய துப்பாக்கி முதல் 25 தட்டுக்குள் நான்கு முறை நின்றுபோனது. பிஸ்டனைக் கழற்றிப் பார்த்தால் கரி கட்டிப் பாறையாக இருந்தது. சுத்தம் செய்த பிறகும் 24 கிராமுக்கு அது ஒழுங்காக ஓடவில்லை. போட்டியில் ஒரு சுற்றுக்கு இரண்டு கோளாறுவரைதான் சலுகை. அதற்குமேல் தட்டு போனது போனதுதான்.

அதனால் விற்பவரே தன் லைசென்ஸோடு துப்பாக்கியை ரேஞ்சுக்குக் கொண்டுவரட்டும். ரேஞ்ச் பொறுப்பாளர் சம்மதத்தோடு, அவர் முன்னிலையில், நீங்கள் வாங்கப்போகும் அதே 24 கிராம் தோட்டாவில் 50 சுட்டுப் பாருங்கள். ஒருமுறை நின்றாலும் காரணம் தெரியாமல் பணம் கொடுக்க வேண்டாம். பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே குழி விழுந்திருக்கிறதா, மேலே ரிப் (குழலின்மேல் நீளமாக ஓடும் பட்டை) ஆடுகிறதா, கட்டை (தோளில் வைக்கும் பகுதி) உலோகத்தோடு சேரும் இடத்தில் கீறல் ஓடுகிறதா என்று பாருங்கள். சோக் குழாயைக் (குழல் முனையில் மாட்டி, ரவை எவ்வளவு பரவ வேண்டும் என்று தீர்மானிப்பது) கழற்றி மாட்டச் சொல்லுங்கள். துரு பிடித்து இறுகியிருந்தால் பின்னால் பெரும் செலவு. துப்பாக்கியில் பொறித்த எண்ணும் அவர் லைசென்ஸிலுள்ள எண்ணும் ஒன்றா என்பதை நீங்களே படித்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் என் கருத்தைக் கேட்டால், டிராப்புக்கு நான் மேல்கீழ் இரட்டைக்குழலையே (ஒன்றின்மேல் ஒன்றாகக் குழல்கள் இருப்பது) சொல்வேன். டிராப்பில் ஒரு தட்டுக்கு இரண்டு வெடி உண்டு. முதல் வெடிக்குத் தட்டு கிட்டத்தில், இரண்டாவதற்குத் தூரத்தில். மேல்கீழ் துப்பாக்கியில் ஒரு குழலுக்குக் கொஞ்சம் திறந்த சோக், மற்றதற்கு இறுக்கமான சோக் என்று வைத்துக்கொள்ளலாம். செமி ஆட்டோமேட்டிக்கில் ஒரே குழல், ஒரே சோக். குழலை மடித்துவிட்டால் காலி என்று பத்தடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும். செமி ஆட்டோமேட்டிக்கில் போல்ட்டைத் திறந்து கொடி செருகிக் காட்ட வேண்டும். அது வலப்பக்கம் எறியும் காலித் தோட்டா பக்கத்தில் நிற்பவர் கவனத்தைக் கலைக்கும், அதற்கொரு தடுப்பு மாட்ட வேண்டியிருக்கும். உங்களுக்குத் தோளில் பழைய காயம், எலும்புத் தேய்மானம் என்று ஏதாவது இருந்தால் மட்டும் கேஸ் முறை செமி ஆட்டோமேட்டிக்கை முதலில் வைப்பேன்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். ஒரு சுற்று 25 தட்டு. ஞாயிறுதோறும் இரண்டு சுற்று என்றால் குறைந்தது 50 தோட்டா; மாதம் 200. இரண்டாவது வெடி போட்டால் இன்னும் ஏறும். வருடத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உங்கள் லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். அது ஒரு மாதப் பயிற்சிக்கே போதுமா என்று பார்த்துவிட்டு, ரைபிள் கிளப்பில் உறுப்பினராகி அவர்கள் வழியாகப் பேசுங்கள். அதுவரை கிளப் துப்பாக்கியில் பழகுங்கள். ஆறு மாதம் சுட்ட தோள், தனக்கு எது வேண்டும் என்று தானே சொல்லும்.

கேள்வி: மகளுக்கு 17 வயது. கிளப்பில் டிராப் பயிற்சிக்குப் போகிறாள். 'துப்பாக்கி கனக்குது, கன்னத்தில் அடிக்குது அம்மா' என்கிறாள். சின்ன போர் வாங்க வேண்டுமா? (ஒரு தாய், மதுரை அண்ணாநகர்)

பதில்: கன்னத்தில் அடிப்பது போரால் இருக்காதும்மா, கட்டை அவளுக்குப் பொருந்தாததால் இருக்கும். பெரிய ஆள் உயரத்துக்குச் செய்த கட்டை நீளமாக இருக்கும். கழுத்தை நீட்டித்தான் கன்னத்தை வைப்பாள், அப்போது அடி விழும். பயிற்சியாளர் முன்னால் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். காலித் துப்பாக்கி என்று இரண்டு பேர் பார்த்து உறுதி செய்த பிறகு, அவள் கண்ணை மூடித் தோளில் ஏற்றட்டும், பிறகு கண்ணைத் திறக்கட்டும். முன்மணி (குழல் முனையில் குறி பார்க்க வைத்த சிறு மணி) ரிப்பின் நடுவில் தெரிந்தால் பொருத்தம் சரி. ஓரமாகப் போனாலோ, மணியே மறைந்தாலோ கட்டையைத்தான் திருத்த வேண்டும். பின்னாலுள்ள ரப்பர் பட்டையை மெல்லியதாக மாற்றுவது, கன்னம் படும் இடத்தை உயர்த்துவது எல்லாம் புதுத் துப்பாக்கியைவிட மிக மலிவு. எந்தக் கண் ஓங்கிய கண் (குறி பார்க்கும்போது முந்தி நிற்கும் கண்) என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். வலக்கைப் பிள்ளைக்கு இடக்கண் ஓங்கியிருந்தால் எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் தட்டு தப்பும்.

சொந்த லைசென்ஸுக்கு 21 வயது ஆக வேண்டும். அதுவரை கிளப்பின் மேற்பார்வையில் பயிற்சி எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வாங்கும் யோசனையை இப்போது விட்டுவிடுங்கள்.

கேள்வி: தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள். போன தடவை திரும்ப வாங்கியபோது குழலில் துரு. என்ன செய்வது? (மேலூர் விவசாயி)

பதில்: கொடுக்கும் முன் குழலின் உள்ளே கரியைத் துடைத்து, துப்பாக்கி எண்ணெய் தொட்ட துணியை ஒருமுறை ஓட்டுங்கள். வெளி உலோகத்துக்கும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். தோல் உறையில் வைத்துக் கொடுக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒப்படைக்கும்போது எண், குழல், கட்டை எந்த நிலையில் இருக்கிறது என்று குறித்த ரசீதைக் கேட்டு வாங்கி, கையோடு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கும் அன்றே வீட்டில் குழலைத் திறந்து பாருங்கள். மேலோட்டமான துரு என்றால் எண்ணெயும் வெண்கலத் தூரிகையும் போதும். குழி விழுந்திருந்தால் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் காட்டாமல் தோட்டா ஏற்ற வேண்டாம்.