மூளையைப் பதப்படுத்த முன்பணம் கட்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. இறந்ததும் என் மூளையைப் பதப்படுத்தி வைத்து, பிற்காலத்தில் கணினியில் ஏற்றி என்னை மீட்டெடுப்பதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். பதப்படுத்தும் நுட்பத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரு பன்றியின் முழு மூளையையும் சினாப்ஸ்கள் (நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணையும் இடங்கள்) சிதையாமல் பாதுகாத்துக் காட்டியவர்கள் 2018இல் அதற்கான பரிசையே வென்றிருக்கிறார்கள். குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தைச் செலுத்தி, பிறகு கண்ணாடிபோல் உறையவைக்கும் முறை அது. ஆனால் அந்த ரசாயனம் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடும். அந்த மூளை மறுபடி உயிர்பெறாது. எனவே நீங்கள் பணம் கட்டுவது, பின்னாளில் யாரோ அதைப் படித்து இயக்குவார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான்.

அந்த நம்பிக்கைக்கு உரைகல் ஒரு புழு. சி. எலிகன்ஸ் என்ற அந்த ஒரு மில்லிமீட்டர் உயிருக்கு 302 நியூரான்கள், அதாவது நரம்பணுக்கள். அவற்றின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வெளியாகிவிட்டது. இன்றுவரை அதைப் போலவே வாழ்ந்து, கற்றுக்கொள்ளும் கணினிப் புழு ஒன்றுகூட இல்லை.

ஏன்? கம்பி எங்கே போகிறது என்று வரைபடம் சொல்லும். அதில் என்ன ஓடுகிறது என்று சொல்லாது. நண்டின் இரைப்பையை இயக்கும் நரம்பு முடிச்சில் சுமார் முப்பது நியூரான்கள்தாம். வேறொரு ரசாயனம் பட்டால் அதே இணைப்புகள் வேறொரு தாளத்தில் துடிக்கின்றன. நரம்பியல் ஆய்வாளர் ஈவ் மார்டர் தம் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியை அந்த முடிச்சுக்கே கொடுத்திருக்கிறார். முப்பது நியூரானுக்கு இந்தப் பாடு!

பழ ஈயில் நிலைமை சற்றுத் தேவலை. 2024இல் வெளியான அதன் முழு மூளை வரைபடத்தில் சுமார் 1,39,000 நியூரான்கள். அதைக் கொண்டு செய்த எளிய கணினி மாதிரியே, இனிப்பை உணர்ந்ததும் உறிஞ்சுகுழலை நீட்டும் நரம்புப் பாதையைச் சரியாகக் கணித்தது. மெச்சத்தக்கதுதான். ஆனால் அது ஓர் அனிச்சைச் செயல், ஈயின் நினைவல்ல.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள். அதில் ஒரு கன மில்லிமீட்டர் துணுக்கை ஆயிரக்கணக்கான சீவல்களாக அரிந்து எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படம்பிடித்ததற்கே 1.4 பெட்டாபைட், அதாவது சுமார் 14 லட்சம் ஜிகாபைட் சேமிப்பிடம் தேவைப்பட்டது. முழு மூளை அதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

அப்படியும் கட்டத்தான் வேண்டும் என்றால், இரண்டை எழுத்தில் கேளுங்கள். ரத்த ஓட்டம் நின்ற எத்தனை நிமிடத்தில் ரசாயனம் செலுத்துவார்கள்? தாமதமானால் சினாப்ஸ்கள் சிதையத் தொடங்கிவிடும். நிறுவனம் மூடப்பட்டால் குளிர்பதனச் செலவு யாருடையது? 1970களில் கலிபோர்னியாவில் உறையவைத்திருந்த உடல்கள், பணம் தீர்ந்ததும் உருகிப்போன கதை நடந்திருக்கிறது.