அம்மாவின் பழைய பிறப்புப் பத்திரம்

அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியில் கிடைத்த அம்மாவின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயர் வேறு, அம்மாவிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லுங்கோ, ஆனால் அம்மம்மாவின் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியட்டும். பத்திரத்தை லமினேட் பண்ணிப்போடாதீங்கோ. பழைய தாள் ஒட்டினால் பிறகு பிரிக்கேலாது. அதிலுள்ள இலக்கத்தையும் திகதியையும் கொடுத்து, பிறப்பு பதிந்த பிரிவின் பிரதேச செயலகத்தில் புதுப்பிரதி எடுங்கோ. 'பெற்றோர் விவாகம் செய்தவர்களா' என்ற கட்டத்தைப் பாருங்கோ. ஆம் என்றிருந்தால் அம்மம்மா மறுமணம் செய்தவவாக இருக்கலாம். அதைக் களவென்று எடுக்கவேண்டாம்.

வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாதீங்கோ, கனடாவிலிருக்கும் சொந்தங்கள் காணி உறுதிக் கதை தொடங்கிவிடுவார்கள். வெள்ளவத்தை பிளாட்டில் சனமில்லாத பின்னேரம், தேத்தண்ணியோடு அம்மாவின் கையில் கொடுங்கோ. அடையாள அட்டைக்கே பிறப்புப் பத்திரம் கேட்பார்கள். அதனால் அம்மாவுக்கு இது எப்பவோ தெரிந்திருக்கவும் கூடும்.