ஹீமோகுளோபின் 9.2: பீட்ரூட் சாறு போதுமா?

கேள்வி: எனக்கு வயது 38, எடை 55 கிலோ. ஆறு மாதமாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.2, ஃபெரிட்டின் 6, எம்.சி.வி. 71, சிவப்பணு எண்ணிக்கை 39 லட்சம். மருத்துவர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைத் தினமும் மூன்று வாரம் போட்டேன். மலச்சிக்கலும் வயிற்றுப் பிரட்டலும் வந்தன. மலம் கறுப்பாகப் போனது. பயந்து நிறுத்திவிட்டேன். இப்போது தினமும் பீட்ரூட் சாறு, மூன்று பேரீச்சம்பழம், பால் கலந்த ராகி மால்ட் சாப்பிடுகிறேன். காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, அரை மணி கழித்து டீ. மாதவிலக்கு ஏழு நாள் இருக்கும், முதல் மூன்று நாள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அசைவம். மருந்துக் கடையில் மூன்று விதமான மாத்திரை காட்டுகிறார்கள். எதை வாங்குவது? உணவாலேயே சரிசெய்ய முடியாதா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: உணவால் மட்டும் முடியாது, சகோதரி. ஏன் முடியாது என்பது உங்கள் எண்களிலேயே இருக்கிறது.

ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 55 கிலோ எடையில் 9.2-லிருந்து 13-க்கு ஏற சுமார் 500 மி.கி. இரும்பு வேண்டும். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு. அது 6 என்றால் சேமிப்பு காலி. அதை நிரப்ப இன்னொரு 500. ஆக மொத்தம் உங்கள் உடம்புக்குப் பாக்கி ஏறக்குறைய 1000 மி.கி. நன்றாகச் சாப்பிடும் ஒருவருக்கே ஒரு நாள் உணவிலிருந்து ஒன்று, இரண்டு மில்லிகிராம்தான் ரத்தத்தில் சேர்கிறது. அதுவும் அன்றாட இழப்புக்கும் மாதவிலக்குக்கும் சரியாகிவிடும். மிச்சம் பிடித்து ஆயிரத்தை அடைக்க உணவில் இடமே இல்லை. மேலே ஏற்றுவது மாத்திரையின் வேலை, ஏறியதைக் காப்பது உணவின் வேலை.

இது இரும்புக் குறைவுதானா என்ற சந்தேகம் உங்கள் விஷயத்தில் இல்லை. ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இருந்தாலே குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். எம்.சி.வி.யை, அதாவது சிவப்பணுவின் சராசரி அளவை, சிவப்பணு எண்ணிக்கையால் (மில்லியன் கணக்கில்) வகுத்துப் பார்ப்பதும் உண்டு: 71-ஐ 3.9-ஆல் வகுத்தால் 18. விடை 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையின் மரபணுவைச் சுமப்பவராக இருக்கலாம் என்று அதற்கான பரிசோதனை செய்வோம். அப்படிப்பட்டவருக்கு ஃபெரிட்டின் பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு கொடுப்பது தவறு. உங்களுக்கு அந்தக் கவலை குறைவு. பி12 அளவை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வாரம் ஒருநாள் அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதுவும் சேர்ந்து குறைந்திருப்பது சகஜம். பி12 குறைவு இருக்கும்போது இரும்பும் ஃபோலிக் அமிலமும் மட்டும் கொடுத்தால் ரத்தம் ஓரளவு தேறியதுபோலத் தெரியும், நரம்புப் பாதிப்பு உள்ளுக்குள் தொடரும்.

இனி மாத்திரை. பெட்டியின் முன்பக்கம் அச்சிட்ட பெரிய எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். திருப்பி, "எலிமென்டல் அயர்ன்" எத்தனை மி.கி. என்று பாருங்கள். உடம்புக்குக் கிடைக்கக்கூடிய இரும்பு அதுதான். உலர்ந்த ஃபெரஸ் சல்பேட் 200 மி.கி. மாத்திரையில் சுமார் 65 மி.கி. இரும்பு. ஃபெரஸ் ஃபியூமரேட்டில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு, ஆக 300 மி.கி.க்கு 100. ஃபெரஸ் குளுக்கோனேட்டில் எட்டில் ஒரு பங்குதான். ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரைகளில் பெரும்பாலும் இரும்பின் அளவையே 100 மி.கி. என்று நேராகப் போட்டிருப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண்களுக்கு இலவசமாகத் தரும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. விலை குறைவு என்பதால் அது மட்டம் என்று நினைக்க வேண்டாம். சரியாகப் போட்டால் நன்றாகவே வேலை செய்யும். சல்பேட் வயிற்றைப் பிரட்டினால் அஸ்கார்பேட்டுக்கோ பிஸ்கிளைசினேட்டுக்கோ மாறலாம், சிலருக்கு அவை இதமாக இருக்கும்.

இரண்டு வகையை உங்களுக்குப் பரிந்துரைக்கமாட்டோம். ஒன்று, "மெதுவாகக் கரையும்" அல்லது குடலில் கரையும் பூச்சுள்ள மாத்திரை. இரும்பை அதிகம் உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி. இந்த மாத்திரைகள் அந்த இடத்தைத் தாண்டிய பிறகே கரைவதால் வயிறும் படுத்தாது, ரத்தமும் ஏறாது. இன்னொன்று, இரும்பு, கால்சியம், துத்தநாகம் என்று எல்லாம் ஒன்றாக அடைத்த சத்து மாத்திரை. அதில் இரும்பு குறைவு. இருக்கும் கொஞ்சத்தையும் கால்சியம் தடுக்கும். டானிக் வாங்குவதானாலும் இதே கேள்விதான்: ஒரு மூடியில் எத்தனை மி.கி. இரும்பு? பதில் அட்டையில் இல்லையென்றால் அந்தப் புட்டி வேண்டாம்.

மூன்று வாரம் நீங்கள் பட்ட பாட்டுக்குப் பெரும்பகுதி காரணம், உறிஞ்சப்படாமல் குடலில் தங்கிய இரும்பு. ஒரு வேளை மாத்திரை போட்டதும் ஈரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது சுமார் ஒரு நாள் வரை குடலின் கதவைச் சாத்தி வைக்கும். மறுநாளே அடுத்த மாத்திரை போனால் பாதிக் கதவுதான் திறந்திருக்கும். 2017-ல் சூரிச்சில் ரத்தசோகை இல்லாத, ஆனால் இரும்புச் சேமிப்பு குறைந்த 40 பெண்களுக்கு 60 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் போட்டவர்களுக்கு 16 சதவீதமும், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டவர்களுக்கு 22 சதவீதமும் உறிஞ்சப்பட்டன. நாள் கணக்கில் பார்த்தால் தினமும் போடுவது வேகம்தான், அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று வாரத்தில் நிறுத்திவிட்ட தினசரி மாத்திரையைவிட, ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும் ஒன்றுவிட்ட நாள் மாத்திரை மேல். உங்கள் மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்: ஒருநாள் விட்டு ஒருநாள், ஒரே ஒரு மாத்திரை, 60 முதல் 100 மி.கி. வரை இரும்பு உள்ளதாக. நாள்காட்டியில் குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் நேற்றா இன்றா என்ற குழப்பத்தில் வாரமே போய்விடும்.

எந்த நேரத்தில் என்பது உங்களுக்கு இன்னும் முக்கியம், தைராய்டு மாத்திரை இருப்பதால். இரண்டும் ஒன்றையொன்று கட்டிக்கொள்ளும். நடுவே நான்கு மணி நேரம் விட வேண்டும். ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, எட்டரைக்குள் காலை உணவு. பிறகு பத்தரை, பதினொரு மணிக்கு இரும்பு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து. அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் டீ, காபி, பால், மோர், அமில முறிவு மருந்து எதுவும் கூடாது. பதினொரு மணி டீயைப் பன்னிரண்டுக்குத் தள்ளுங்கள். கால்சியம் மாத்திரை இருந்தால் இரவுச் சாப்பாட்டோடு. வெறும் வயிறு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒரு கொய்யாத் துண்டோ வாழைப்பழமோ சாப்பிட்டுப் போடுங்கள். உறிஞ்சுவது கொஞ்சம் குறையும், ஆனால் மாத்திரை நிற்காமல் தொடரும். மலம் கறுப்பாவது இயல்பு. தார்போல ஒட்டி, கடும் நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்தால் அது மாத்திரையால் அல்ல, குடலில் ரத்தக்கசிவாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

உணவுக்கு வருவோம். பீட்ரூட் சிவப்பாக இருப்பது அதன் சாயத்தால். 100 கிராமில் ஒரு மில்லிகிராம்கூட இரும்பு இல்லை. மாதுளையில் அதைவிடக் குறைவு. மூன்று பேரீச்சம்பழத்தில் ஒரு மில்லிகிராம் தேறினால் பெரிது. இவற்றைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லவில்லை, இவற்றை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். ராகி கால்சியத்துக்கு அருமையான தானியம். இரும்பும் 100 கிராமில் நான்கரை மி.கி. அளவுக்கு உண்டு. ஆனால் அதன் ஃபைட்டேட்டும் டானினும் இரும்பைப் பிடித்துக்கொள்கின்றன. பாலும் கலந்தால் கிடைப்பது மிகக் குறைவு. முளைகட்டி அரைத்த ராகியையோ, இரவு புளிக்க வைத்துக் காய்ச்சிய கூழையோ குடியுங்கள். முளைப்பதும் புளிப்பதும் ஃபைட்டேட்டைக் குறைக்கும். நம் இட்லி மாவும் அப்படித்தான் உதவுகிறது. கம்பில் ராகியைவிட இரும்பு அதிகம், 100 கிராமில் ஆறு மி.கி.க்கு மேல்.

சைவத்தில் நான் முதலில் வைப்பது கொள்ளும் கறுப்புக் கொண்டைக்கடலையும். இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, முளைகட்டிச் சுண்டல் செய்யுங்கள். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அடுப்பில் கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் வீணாகும். முருங்கைக்கீரைப் பொரியல், முளைக்கீரைக் கடைசல் எதுவானாலும் பக்கத்தில் ஒரு பெரிய நெல்லிக்காயோ கொய்யாவோ இருக்கட்டும். எள்ளுப் பொடி இரண்டு தேக்கரண்டியில் ஒரு மில்லிகிராம் அளவுக்கு இரும்பு இருக்கிறது. புளிக்குழம்பை இரும்புச் சட்டியில் வையுங்கள்: புளிப்பும் கொதியும் சட்டியின் இரும்பைக் குழம்பில் இறக்கும். ஆனால் செய்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள், இரவெல்லாம் கிடந்தால் கறுத்து, வாயில் இரும்பு வாடை அடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அசைவத்தில் சுவரொட்டி வாங்குங்கள். ஆட்டின் மண்ணீரலான அதில், ஈரலைவிடப் பல மடங்கு இரும்பு. ரத்தம் ஊறும் என்று பாட்டிமார் பிள்ளை பெற்றவளுக்குச் சுட்டுக் கொடுத்தது சரியான கணக்கு. இறைச்சியில் உள்ள ஹீம் இரும்பில் ஐந்தில் ஒரு பங்கு வரை உடம்பில் சேரும். கீரை, தானியத்தில் பத்தில் ஒரு பங்கு சேர்வதே பெரும்பாடு. தவிர, மீனோ கறியோ கொஞ்சம் இருந்தால் அதே தட்டில் உள்ள சோறு, கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும். எனவே ஞாயிறு மட்டும் நிறையச் சாப்பிடுவதைவிட வாரம் மூன்று நாள் நெத்திலியோ மத்தியோ கொஞ்சமாக வைப்பது நல்லது. முட்டை புரதத்துக்கு நல்லது, இரும்புக்கு அல்ல. மஞ்சள் கருவின் புரதமே அதன் இரும்பைக் கட்டிவைக்கிறது. ஈரல் வாரம் ஒருமுறை போதும். கர்ப்பத்துக்கு வாய்ப்பிருந்தால் வைட்டமின் ஏ மிகுதியால் அதையும் தவிருங்கள்.

இவ்வளவும் செய்து, கீழே ஓட்டையை அடைக்காவிட்டால் பானை நிறையாது. மாதவிலக்கில் 100 மி.லி. ரத்தம் போனால், உங்கள் இப்போதைய அளவிலேயே 30 மி.கி. இரும்பு அதோடு போகிறது. இரண்டு மணிக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா, இரண்டரை சென்டிமீட்டருக்குப் பெரிய ரத்தக் கட்டிகள் வருகின்றனவா, இரவில் படுக்கை நனைகிறதா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி உள்ளதா என்று ஸ்கேனில் தெரிந்துவிடும். தைராய்டு குறைவாக இருந்தாலும் மாதவிலக்கு அதிகமாகும், ஆகவே தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். அளவையும் இப்போதே பாருங்கள். அரை மணியிலேயே டீ குடித்ததில் தைராய்டு மாத்திரையும் சரியாக வேலை செய்யாமல் இருந்திருக்கலாம். டீ குறைந்தது ஒரு மணி நேரம் தள்ளட்டும். மூல நோயில் ரத்தம், அடிக்கடி போடும் வலி மாத்திரை, நெடுநாள் அசிடிட்டி மாத்திரை இருந்தால் அவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபின் மட்டும் பாருங்கள். குறைந்தது ஒரு கிராம் ஏறி 10.2 ஆகியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் கம்பெனியை மாற்றுவது தீர்வல்ல. மாத்திரை விடாமல் போனதா, டீ குறுக்கே வந்ததா, ரத்தம் இன்னும் போகிறதா, குடல் உறிஞ்சுகிறதா என்று மருத்துவர் தேட வேண்டும். எதுவும் ஒத்துவராதபோது ரத்தநாளம் வழியாக இரும்பு ஏற்றலாம், அது மருத்துவமனையில் கண்காணிப்போடு மட்டும். 12-ஐத் தொட்டதும் பலர் நிறுத்துகிறார்கள். அடுத்த வருடம் அதே 9-ல் வந்து நிற்பது அதனால்தான். 12 வந்த பிறகும் மூன்று மாதம் தொடருங்கள். பிறகு ஃபெரிட்டின் பாருங்கள், 50-ஐ நெருங்கினால் நிறுத்தலாம். காய்ச்சல், சளி இருக்கும்போது ஃபெரிட்டின் பார்க்காதீர்கள், இல்லாத இரும்பை இருப்பதாகக் காட்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, மயக்கம் வந்தாலோ நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் மாத்திரை அட்டையைப் பூட்டி வையுங்கள். சிவப்பு மாத்திரை அவர்களுக்கு மிட்டாய்போலத் தெரியும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 100 மி.கி. மாத்திரை இரண்டு போனாலே நஞ்சு, ஆறு உயிருக்கே ஆபத்து. விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி நின்றுவிட்டது என்று இருந்துவிடாமல், அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.