மீளாய்வு அத்தியாயம் கையளிக்க இன்னும் பத்து நாள்: உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இலக்கிய மீளாய்வு பற்றித்தான், ஆய்வேட்டில் முன்னைய ஆய்வுகளை அலசுகிற அத்தியாயம் அது. எல்லாரும் மொழியைத் திருத்துவது எப்படி என்று கேட்கிறீர்கள். மொழி கடைசி வேலை. முதல் வேலை, நீங்கள் மேற்கோள் காட்டிய கட்டுரைகளைத் திரும்பத் திறந்து பார்ப்பது. கீழே எந்தக் கேள்விக்குப் பதில் சொன்னாலும் சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கப் போகிறேன், குறை நினைக்க வேண்டாம்.

மிஸ், யாழ்ப்பாணக் கிணறுகளில் நைத்திரேற்று பற்றி எழுதுகிறேன். மீளாய்வு 38 பக்கம் வந்துவிட்டது. சுப்பவைசர் "இது பட்டியல், மீளாய்வு இல்லை" என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார். எங்கே தொடங்குவது?

அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும், தம்பி. ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு பந்தியும் எந்தச் சொல்லில் தொடங்குகிறது என்று வட்டமிட்டுக்கொண்டு போங்கள். பெயர், ஆண்டு, பெயர், ஆண்டு என்றே வந்தால் அது வரவுப் பதிவேடு. அப்புறம் ஒவ்வொரு பந்தியின் ஓரத்திலும் அந்தப் பந்தி என்ன சொல்கிறது என்று ஒரு வசனம் எழுதுங்கள். "இன்னார் இத்தனை கிணறுகளை ஆராய்ந்தார்" என்பதைத் தவிர எழுத ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்தப் பந்தி இன்னும் எழுதப்படவில்லை என்று அர்த்தம். நான் என் அத்தியாயத்தைப் பிரின்ட் எடுத்து, கத்தரிக்கோலால் பந்தி பந்தியாக வெட்டி, விறாந்தைச் சீமெந்துத் தரையில் பரப்பி வைத்துத்தான் ஒழுங்குபடுத்தினேன். ஃபானை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

பரப்பின பிறகு பெயரை மறந்துவிட்டு, எந்த இடத்தில் இவர்கள் ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள். உங்கள் தலைப்பில் அது தானாகக் கிடைக்கும்: தோட்டத்துக்குப் போடும் உரமா, மலசலகூடக் குழியா? மாரியில் எடுத்த மாதிரியா, கோடையில் எடுத்ததா? சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றுவது சுணங்காமல் கீழே போய்விடும், அதனால் எந்த மாதம் தண்ணீர் எடுத்தார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. "அ 40 கிணறுகளை ஆராய்ந்தார். ஆ 25 கிணறுகளை ஆராய்ந்தார்" என்பதற்குப் பதிலாக, "தோட்டக் கிணறுகளில் மாதிரி எடுத்தவர்கள் உரத்தைக் காரணமாகச் சொல்ல, வீட்டுக் கிணறுகளில் எடுத்தவர்கள் மலக்குழியைச் சொல்கிறார்கள், ஆகவே காரணம் எது என்பது எந்தக் கிணற்றைத் தெரிவு செய்தார்கள் என்பதிலும் தங்கியிருக்கிறது" என்று எழுதலாம். எண்களும் முடிவும் உதாரணத்துக்கு நான் போட்டவை, உங்கள் கட்டுரைகள் என்ன சொல்கின்றன என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டாவது வசனத்தில் பேசுவது நீங்கள், அதைத்தான் சுப்பவைசர் கேட்கிறார்.

இன்னொன்று. இது மொழித் திருத்தத்தில் ஒருநாளும் பிடிபடாது. சில கட்டுரைகள் நைத்திரேற்று என்று அளவைச் சொல்லும், சில அதில் உள்ள நைதரசனை மட்டும் கணக்கிட்டு நைத்திரேற்று-நைதரசன் என்று சொல்லும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு, நைத்திரேற்றாகக் கணக்கிட்டால் லீற்றருக்கு 50 மில்லிகிராம். நைதரசனாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 11. நைதரசன் கணக்கிலிருந்து நைத்திரேற்றுக் கணக்குக்குப் போக 4.43 ஆல் பெருக்க வேண்டும். ஒரு கட்டுரையில் 12, இன்னொன்றில் 53 என்று இருந்தால் இரண்டாவது ஊரில் நிலைமை நாலு மடங்கு மோசம் என்று எழுதிவிடுவீர்கள், உண்மையில் இரண்டும் ஒரே அளவுதான். அட்டவணைத் தலைப்பையும் அடிக்குறிப்பையும் திறந்து பார்க்காமல் ஒரு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

டேர்னிட்டின் மென்பொருளில் போட்டால், மற்றவர்களின் எழுத்தோடு 27 வீதம் ஒத்துப்போகிறது என்று காட்டுது. எப்படிக் குறைப்பது?

முதலில் உசாத்துணைப் பட்டியலையும் மேற்கோள் குறிக்குள் இருப்பதையும் விலக்கிப் பார்த்தீர்களா? அதுக்குப் பிறகும் ஒத்த வரிகளில் மிஞ்சுகிற நிறம் எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள், வீதத்தைப் பார்க்க வேண்டாம். இங்கொன்றும் அங்கொன்றுமாக நாலு சொல் என்றால் பிரச்சினை இல்லை. ஒரே கட்டுரையிலிருந்து அரைப் பக்கம் தொடர்ச்சியாக நிறம் விழுந்திருந்தால், மொத்தம் 8 வீதமாக இருந்தாலும் அது களவுதான். சொல்லுக்குச் சொல் மாற்றித் தருகிற மென்பொருள் பக்கம் போகவே வேண்டாம், அது கலைச்சொல்லையும் சேர்த்து மாற்றி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுரையை வாசித்து, மூடிவைத்து, பக்கத்து மேசைச் சிநேகிதிக்குச் சொல்வது போல எழுதி, திரும்பத் திறந்து சரிபாருங்கள். கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

மூல நூல் கிடைக்கவில்லை. வேறொருவர் அதை மேற்கோள் காட்டியிருக்கிறார். நேரே மூலத்தையே போட்டுவிடலாமா?

கூடாது. நான் ஒருமுறை அப்படிப் போட்டேன். நேர்முகத் தேர்வில் பரீட்சகர் ஒருவர் அந்த நூலைப் பையிலிருந்து எடுத்து, நான் சொன்ன பக்கத்தை விரித்து, "இதில் அப்படி ஒன்றும் இல்லையே" என்று அமைதியாகக் கேட்டார். பக்க எண்ணும் பிழை, ஆண்டும் பிழை. எனக்கு முன்னால் இருந்தவர் செய்த பிழையை நான் அப்படியே சுமந்துகொண்டு வந்திருக்கிறேன்.

யாழ்ப்பாணம் பற்றி எழுதுபவர்களுக்கு இந்தச் சிக்கல் கூட. 1981இல் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின, சில மூலங்கள் உண்மையிலேயே கைக்கு எட்டாது. ஆனால் "கிடைக்கவில்லை" என்று சொல்ல முதல், 2005இலிருந்து இயங்குகிற "நூலகம்" என்ற இணைய மின்னூலகத்தில் தேடுங்கள். பழைய சஞ்சிகைகள், மலர்கள், பிரசுரங்கள் கனக்க இருக்கின்றன. அங்கும் இல்லையென்றால் "இன்னாரில் மேற்கோள் காட்டப்பட்டவாறு" என்று பந்திக்குள் நேர்மையாக எழுதுங்கள். ஏபிஏ என்கிற மேற்கோள் முறையில் உசாத்துணைப் பட்டியலில் வருவது நீங்கள் கையில் வைத்து வாசித்த நூல் மட்டும்தான்.

உசாத்துணைப் பட்டியல் தயாரிக்கிற சொட்டெரோ மென்பொருள் எங்கள் பெயர்களைத் தலைகீழாக்குகிறது.

அது குடும்பப் பெயர் உள்ளவர்களுக்குச் செய்த மென்பொருள், எங்கள் முதலெழுத்து அதுக்குப் புரியாது. கார்த்திகேசு சிவத்தம்பி என்றால் பட்டியலில் சிவத்தம்பியின் கீழேதான் வர வேண்டும், கார்த்திகேசு தகப்பனார் பெயர். முதலெழுத்தைப் பின்னால் போட்ட கட்டுரைகளை இறக்கும்போது அந்த எழுத்தையே குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும், கையால்தான் திருத்த வேண்டும். ஒரே ஆளின் பெயர் ஆங்கிலத்தில் இரண்டு ஸ்பெல்லிங்கில் வந்தால் இரண்டு ஆட்களாகிவிடும், அதையும் பாருங்கள். தமிழ் நூல்களைத் தனிப் பட்டியலாகப் போடுவதா, எழுத்துப்பெயர்த்துச் சேர்ப்பதா என்று உங்கள் பீடத்தைக் கேளுங்கள், ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு வழக்கம்.

ஆங்கிலத்தைச் சட்ஜிபிடியிடம் கொடுத்துத் திருத்தினால் பிழையா மிஸ்?

பிள்ளை, முதலில் உங்கள் பீடத்தின் விதி என்ன என்று பாருங்கள், சில இடங்களில் பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும். விதி இடம் கொடுத்தாலும் எனக்கு ஒரு பயம் இருக்கிறது. "இருக்கக்கூடும்" என்று நீங்கள் பயந்து பயந்து எழுதினதை அது "நிரூபிக்கிறது" என்று அழகாக்கித் தந்துவிடும். வசனம் பளிச்சென்று இருக்கும், கருத்து பொய்யாகிவிடும். பழைய கோப்பையும் புதியதையும் வேர்டில் ஒப்பிட்டு, வினைச்சொற்களை மட்டுமாவது ஒவ்வொன்றாகப் பாருங்கள். மேற்கோள்களை அதனிடம் கேட்கவே வேண்டாம், இல்லாத கட்டுரைக்கு நல்ல தலைப்பு வைத்துத் தரும். கட்டுரைக்கு இணையத்தில் உள்ள நிரந்தர அடையாளமான டிஓஐ எண் ஒவ்வொன்றையும் அழுத்திப் பாருங்கள், சொன்ன கட்டுரைக்கே போகிறதா என்று.

எத்தனை மேற்கோள் இருந்தால் போதும்?

வாசித்த அளவு.

இரண்டு வருசத்துக்கு முன் தேடியவை. புதிதாகத் தேட வேண்டுமா?

ஓம். அதே தேடற்சொற்களை அதே தளங்களில் போட்டு, தேடிய திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிதாக வந்த பத்தையும் ஒரு பந்தியில் அடைக்க வேண்டாம், உங்கள் வாதத்தை மாற்றுகிற இரண்டு மூன்று போதும். இதற்கிடையில் வெளியிட்ட சஞ்சிகையே மீளப்பெற்ற கட்டுரை ஏதும் உங்கள் பட்டியலில் இருந்தால் சொட்டெரோ சிவப்பில் எச்சரிக்கும், அதைத் தட்டிவிடாமல் ஏன் மீளப்பெற்றார்கள் என்று வாசியுங்கள்.

கடைசி இரவு என்ன செய்வது?

புதுக் கட்டுரை ஒன்றையும் திறக்க வேண்டாம், மென்பொருளையும் புதுப்பிக்க வேண்டாம். கோப்பை மூன்று இடத்தில் சேமியுங்கள். அறை நண்பர் ஒருவரைப் பிடித்து இருத்தி, பந்திக்குள் வருகிற பெயரையும் ஆண்டையும் நீங்கள் சத்தமாக வாசியுங்கள், அவர் பட்டியலில் சரி போடட்டும். இரண்டு மணித்தியாலம் பிடிக்கும், பிளேன்ரீ போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இருந்தும் நீங்கள் வாசிக்காத பெயர் மிஞ்சினால் நீக்கலாம். நீங்கள் வாசித்தும் பட்டியலில் இல்லாத பெயர் வந்தால் வசனத்தை அழிக்க அவசரப்பட வேண்டாம், அந்தக் கட்டுரை உங்கள் கணினியில் எங்கேயோ பெயர் மாறிக் கிடக்கும்.