டாக்டரைக் கேளுங்கள்: காய்ச்சலோடு விமானம் ஏறலாமா?

(விமான நிலைய சுகாதாரப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற டாக்டர் இந்த வாரம் பதில் சொல்கிறார்.)

வெளிநாட்டில் ஏதோ தொற்று என்று செய்தி வந்தால் போதும், விமான நிலையத்தில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியை நீட்டுகிறார்கள். அதில் யாராவது சிக்குகிறார்களா?
– வாசகி, கும்பகோணம்

அபூர்வம். இறங்குவதற்கு முன்னால் டோலோ ஒன்றைப் போட்டுக்கொண்டவர் அந்தக் கருவிக்கு முழு ஆரோக்கியசாலி. மாத்திரைகூட வேண்டாம், எபோலா கிருமி உடம்பில் புகுந்தபின் அறிகுறி தெரிய 2 முதல் 21 நாள் ஆகும். அதற்குள் உலகத்தையே சுற்றி வந்துவிடலாம். 2003இல் சார்ஸ் என்ற நுரையீரல் தொற்று பரவியபோது கனடா சுமார் 65 லட்சம் பயணிகளைச் சோதித்தது. 9,000 பேருக்கு மேல் அடுத்தகட்டப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சார்ஸ் இருந்தவர் ஒருவர்கூட இல்லை.

நான் பார்த்தவரை உருப்படியான விஷயம், தொற்றுக் காலங்களில் இருக்கை எண், போன், முகவரி கேட்டு விமானத்தில் கொடுப்பார்களே, அந்தப் படிவம்தான். 2009 பன்றிக் காய்ச்சல் சமயத்தில் சென்னையில் கட்டுக்கட்டாக வாங்கி அடுக்கினோம். ஒரே பேனா ஒரு வரிசை முழுக்கக் கைமாறியிருப்பது எழுத்திலேயே தெரியும். இருக்கை எண் கட்டம் காலி. கைபேசி எண்ணில் ஒன்பது இலக்கம். முகவரி, 'பஸ் ஸ்டாண்டு அருகில்'. எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு? கூட வந்தவருக்கு நோய் என்று மூன்று நாள் கழித்துத் தெரிந்தால் உங்களை எங்கே போய்த் தேடுவது? பக்கத்து இருக்கைக்காரர் மட்டும்தான் பயப்பட வேண்டும் என்றும் இல்லை. 2003 மார்ச் 15 அன்று ஹாங்காங்கிலிருந்து பெய்ஜிங் போன ஏர் சைனா 112இல் சார்ஸோடு ஒருவர் இருந்தார். மூன்று மணி நேரப் பயணம். விமானத்தில் இருந்த 120 பேரில் 22 பேருக்கு நோய் வந்தது. ஏழு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தவரையும் அது விடவில்லை.

2014இல் அமெரிக்காவில் எபோலா நோயாளியைக் கவனித்த நர்ஸ் ஒருவர் விமானத்தில் போய்ப் பெரிய ரகளையானது. விவரம் தெரிந்தவரே இப்படிச் செய்யலாமா?
– வாசகர், மதுரை

அந்தப் பெண்ணுக்காக நான் வக்காலத்து வாங்குவேன். லைபீரியாவிலிருந்து வந்த நோயாளி, டாலஸ் மருத்துவமனையில் அக்டோபர் 8 அன்று இறந்தார். 10ஆம் தேதி இந்த நர்ஸ் தன் கல்யாண ஏற்பாட்டுக்காக கிளீவ்லாந்து போனார். அங்கே இருக்கும்போதே, அதே நோயாளியைக் கவனித்த இன்னொரு நர்ஸுக்கு எபோலா என்று உறுதியானது. 13ஆம் தேதி இவர் திரும்ப வேண்டும். உடம்புச் சூடு 99.5 டிகிரி. நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசிக்குப் போன் செய்து சொன்னார். அவர்கள் கணக்கில் காய்ச்சல் என்றால் 100.4. போகாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. 132 பயணிகளோடு ஃபிரான்டியர் 1143இல் ஏறி டாலஸ் வந்தார். மறுநாள் காய்ச்சல். 15ஆம் தேதி சிடிசி இயக்குநர் டாம் ஃப்ரீடன், அவர் பயணிகள் விமானத்தில் ஏறியிருக்கவே கூடாது என்று நிருபர்களிடம் சொன்னார். நர்ஸ் சிடிசியிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறினார் என்பது அன்றைக்கே வெளியே வந்துவிட்டது.

எபோலா நோயாளியைத் தொட்டுக் கவனித்தவர், கூட வேலை பார்த்தவருக்கு நோய் உறுதியான கையோடு, லேசாகச் சுடுகிறது என்கிறார். இத்தனையும் கேட்ட காதில் 99.5 மட்டும் விழுந்திருக்கிறது! 'கொஞ்சம் இருங்கள், மேலே கேட்டுச் சொல்கிறேன்' என்றிருந்தால் முடிந்தது. போனில் சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு, அப்புறம் மைக்கில் சொல்வது எங்கள் துறைக்கு எல்லா நாட்டிலும் உள்ள வியாதி. ஆபத்து அதிகம் உள்ளவர்கள் பயணிகள் விமானத்தில் போகக் கூடாது என்று தெளிவாக வகை பிரித்து சிடிசி எழுதியது அந்த மாதக் கடைசியில்தான். நல்லவேளை, அந்த விமானத்தில் வந்த வேறு யாருக்கும் எபோலா வரவில்லை. நர்ஸும் பிழைத்துக்கொண்டார்.

எதற்கு இந்தப் பாடு? நோய் உள்ள நாட்டோடு விமானப் போக்குவரத்தையே நிறுத்திவிட்டால் என்ன?
– வாசகர், ஈரோடு

நிறுத்தினால் டாக்டரும் மருந்தும் எதில் போவது? 2014இல் பல நிறுவனங்கள் ஒதுங்கிக்கொண்டபோது, பிரஸ்ஸல்ஸ் ஏர்லைன்ஸும் ராயல் ஏர் மரோக்கும் எபோலா பரவிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளுக்குத் தொடர்ந்து பறந்தன. அதே ஆண்டு ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து எபோலாவோடு வந்த ஒருவர் நைஜீரியாவின் லாகோஸ் விமான நிலையத்தில் சுருண்டு விழுந்தார். அவரை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே விடச் சொல்லி நெருக்கடி வந்தும், அங்கே அவரைக் கவனித்த டாக்டர் அமேயோ அடாடேவோ மசியவில்லை; பின்னால் அதே நோயில் உயிரையும் விட்டார். தொடர்பில் இருந்த 894 பேரை வீடு வீடாகத் தேடிப் பிடித்துக் கண்காணித்தார்கள். 20 பேருக்கு நோய், 8 பேர் சாவு, அத்தோடு சரி. அக்டோபர் 20இல் நைஜீரியாவில் எபோலா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இன்னொன்று. 2021 நவம்பரில் ஒமைக்ரானை ஒளிக்காமல் சொன்ன தென்னாப்பிரிக்காவுக்கு உடனே கிடைத்த பரிசு, விமானத் தடை. அடுத்த நாடு வாயைத் திறக்குமா?

கென்யா போகிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? முன்பு போட்டது காலாவதியாகியிருக்குமா?
– வாசகி, தாம்பரம்

கட்டாயம். நம் ஊரில் அந்த நோய் இல்லை; ஆனால் அதைப் பரப்பும் கொசு தாராளமாக இருக்கிறது. அதனால்தான் இந்தக் கெடுபிடி. சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் 6 நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். 2016 ஜூலையில் வந்த விதிப்படி, எப்போது போட்டிருந்தாலும் ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும், ஆகவே ஊசி போட்டதற்கான சான்றிதழான பழைய மஞ்சள் புத்தகத்தைத் தேடி எடுங்கள். கிடைக்காவிட்டால் பாஸ்போர்ட்டோடு கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போங்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். முட்டை ஒத்துக்கொள்ளாதவர் என்றால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வரும்போது புத்தகம் கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டி வந்து சேர்வதற்கு முன்பே சுகாதார மேசையில் கேட்பார்கள்.