பொறுக்குவது சும்மாவா?

கேள்வி: அவ்வளவு பணத்தைக் கொட்டி அப்போலோ 16-ல் நிலாவின் மேட்டுநிலத்துக்குப் போனவர்கள், வெறும் கல் பொறுக்கிக்கொண்டு வந்தார்களாமே? - ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: திண்டுக்கல்காரரே கல்லை இப்படிக் கேவலப்படுத்தினால் மற்ற ஊர்க்காரர்களை என்ன சொல்ல? பொறுக்கித்தான் பாருங்களேன். 1972 ஏப்ரலில் டெகார்ட் மேட்டுநிலத்தில் நடந்த ஜான் யங்குக்கும் சார்லஸ் டியூக்குக்கும் குனியவே வழியில்லை. காற்றழுத்தம் ஏற்றிய உடை மடங்காது. அதனால் நீளக் கைப்பிடி இடுக்கி. அதையும் உடனே நீட்டக் கூடாது. முதலில் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதில் தானாகச் செங்குத்தாக நிற்கும் கம்பி. மேல் எது, கீழ் எது, வெயில் எந்தப் பக்கம் என்பதற்கு அதுதான் சாட்சி. சூரியன் முதுகில் விழ ஒரு படம். பக்கவாட்டில் ஓரெட்டு நகர்ந்து நகர்ந்து இரண்டு. பிறகு கல்லை எடுத்து, எண் போட்ட பையில் இட்டு, எண்ணை ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்துக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கல் இருந்த வெற்றிடத்தை மறுபடி ஒரு படம். பொடிக்கற்களுக்கு வாரி: பல்லுக்குப் பல் 1 செ.மீ., மண் உதிர்ந்துவிடும். விறைத்த கையுறைக்குள் விரல்கள் என்ன பாடு பட்டிருக்கும்!

ஊர், ஆண்டு எதுவும் எழுதாமல் 'அரிய புகைப்படம்' என்று மட்டும் எழுதி நமக்குப் படம் அனுப்பும் அன்பர்கள் மேற்படி பத்தியை இன்னொரு முறை படிக்கவும். பலமுறை திட்டியாயிற்று, தபால் நிற்கவில்லை.

எந்த இடத்தில் எடுத்தது, எந்தப் பள்ளத்திலிருந்து தெறித்தது என்று தெரிந்ததால்தான், வெளியே வந்து விழுந்த கல்லில் விண்வெளியின் காஸ்மிக் கதிர் பட்ட காலத்தைக் கணக்கிட்டு, அங்குள்ள வட ரே பள்ளத்துக்கு வயது சுமார் 5 கோடி ஆண்டு, தென் ரேவுக்கு சுமார் 20 லட்சம் என்று சொல்ல முடிந்தது. இன்னொன்று: அந்த மேடுகள் எரிமலைக் குழம்பால் ஆனவை என்று நம்பித்தான் அங்கே இறக்கினார்கள். கிடைத்ததோ விண்கல் மோதி நொறுங்கி மறுபடி ஒட்டிக்கொண்ட பிரெச்சியா. நிபுணர்களின் வரைபடத்தைத் திருத்தியது நீங்கள் 'வெறும்' என்ற அதே கல். 95 கிலோவுக்கு மேல் வந்தது. அதில் 11.7 கிலோ ஒரே கல். நிலவியல் களக்குழுத் தலைவர் பில் மியூல்பெர்கர் பேரால் அதற்கு 'பிக் மியூலி' என்று செல்லப்பெயர்.

பொறுக்கும் ஆசை வந்துவிட்டால் ராக்கெட் வேண்டாம். அந்த மேட்டுநிலத்தின் வெளிர்நிற அனார்த்தோசைட் வகைப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் உண்டு. சந்திரயான்-2 சோதனைக்காக இஸ்ரோ அதை அரைத்துத்தான் நிலா மண் செய்தது. கேமராவோடு போங்கள். படத்தின் பின்னால் ஊரும் தேதியும் எழுதி அனுப்பினால் போடுகிறேன்.